பழைய தொழிற்சாலைக் காணி வாங்க முன்: யாழ்ப்பாணத்தில் மண்ணையும் நிலத்தடி நீரையும் பரிசோதிக்கும் முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டில் இருந்து காணி பார்க்கச் சொல்லி அழைப்பவர்கள் வழக்கமாக மூன்று கேள்வி கேட்பார்கள். உறுதி சுத்தமா? பாதை இருக்கா? கிணறு நன்னீரா? அந்த வளவில் முன்பு என்ன தொழில் நடந்தது என்று கேட்பவர் மிகக் குறைவு. கராஜ் இருந்த இடம், ஐஸ் ஆலை இருந்த இடம், மர ஆலை, அச்சகம், பற்றரி சார்ஜ் பண்ணிய கொட்டில், எரிபொருள் நிலையம் என்று எங்கள் ஊர்களில் கைமாறும் காணிகள் ஏராளம். கூரையைக் கழற்றி, சீமெந்துத் தரையை உடைத்து, மேலே ஒரு லோட் செம்மண் பரவினால் வளவு புதிதாகத் தெரியும். கீழே போனது கீழேயேதான் இருக்கும்.

வேறு ஊர்களைவிட எங்களுக்கு இதில் பயம் கூட இருக்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது, வழுக்கையாறும் மாரிக்கு மட்டும்தான். நாங்கள் காலங்காலமாக நம்பியிருப்பது சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைத்தண்ணீரை. அந்தக் கல் ஒரு கட்டியாக இருப்பதில்லை. மழைநீர் அதைக் கரைத்துக் கரைத்து வெடிப்பும் பொந்தும் குகையுமாக ஆக்கி வைத்திருக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றை எட்டிப் பார்த்தவருக்கு இது விளங்கும். கல் கரைந்து உள்ளே இடிந்து விழுந்த பள்ளம் அது. கீரிமலைக் கேணியில் கடலின் ஓரத்திலேயே நன்னீர் ஊறுவதும் இந்தப் பொந்துகளின் வழியாகத்தான். மணல் நிலத்தில் ஒயில் மெதுவாக வடியும், மணல் அதைக் கொஞ்சம் பிடித்தும் வைக்கும். கல் வெடிப்புக்குள் விழுந்த ஒயில் தண்ணீரோடு சேர்ந்து அயல் வளவுக்கு ஓடும்.

சுன்னாகத்தில் நடந்தது மறக்கக்கூடியதல்ல. அங்கே மின் நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்தது பற்றிய வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்கும்படி மின் உற்பத்தி நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. தண்ணீரைக் கெடுத்தவர் அதற்கு விலை கொடுக்கவேண்டும் என்பதை அந்தத் தீர்ப்பு தெளிவாகச் சொன்னது. ஆனால் சொந்தக் கிணறு இருந்தும் பவுசர் தண்ணீருக்குக் காத்து நின்ற நாட்களைத் தீர்ப்பு திருப்பித் தராது. எனவே வாங்க முன், கட்ட முன், கிணற்றில் முதல் வாளி அள்ள முன் பரிசோதியுங்கள். எப்படி என்று படிப்படியாக எழுதுகிறேன்.

முதற்படி: தோண்ட முன் கேளுங்கள்

இந்த வேலையில் அரைவாசி காகிதத்திலும் பேச்சிலும் முடியும். துளையிடும் இயந்திரம் எடுத்தவுடன் வரத் தேவையில்லை.

காணிப் பதிவகத்தில் பழைய உறுதிகளைத் தேடி எடுங்கள். யாரிடமிருந்து யாருக்குப் போனது, இடையில் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டதா, குத்தகைக்காரர் என்ன தொழில் செய்தார் என்பது சில உறுதிகளில் எழுதப்பட்டிருக்கும். பழைய நில அளவைப் படத்தில் கட்டடம், தாங்கி, கிணறு குறிக்கப்பட்டிருக்கலாம். அதில் இருக்கும் கிணறு இன்று காணியில் இல்லை என்றால் அது மூடப்பட்டிருக்கிறது. எதைக் கொட்டி மூடினார்கள் என்பதே உங்கள் முதல் கேள்வி. பிரதேச சபையில் வியாபார அனுமதிப்பத்திரப் பதிவையும், மத்திய சுற்றாடல் அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்தில் சுற்றாடல் பாதுகாப்பு உரிமக் கோப்பு இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். கூகுள் ஏர்த்தில் பழைய படங்களுக்குப் போனால் கறுத்த தரையும் பரல் அடுக்கிய மூலையும் சில வேளை மேலிருந்தே தெரியும்.

ஆனால் எங்கள் ஊரில் கோப்பைவிட நல்ல ஆவணம் அயலில் இருக்கும் வயதானவர்கள்தான். போரும் இடப்பெயர்வும் நிறையக் காகிதத்தைத் தின்றுவிட்டன. 1995 ஒக்டோபரில் வலிகாமமே எழும்பிப் போனபோது ஆலைகளில் விட்டுச்சென்ற பரல்களுக்கு என்ன நடந்தது என்று எந்தக் கோப்பிலும் இராது. மின்சாரம் இல்லாத அந்த ஆண்டுகளில் ஜெனரேற்றர் ஓடிய கொட்டில்கள், மண்ணெண்ணெய் பதுக்கிய கிடங்குகள், பிறகு செம்புக்காக உடைக்கப்பட்ட மின்மாற்றிகள் எல்லாம் நினைவில் மட்டும் இருப்பவை. ஒரு முறை வேலிக்கு அப்பால் நின்ற ஐயா ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீர் உங்கை கிண்டி என்ன செய்யிறது? உந்த வேப்பமரத்துக்குக் கீழைதான் கழிவு ஒயில் ஊத்துறவை. அதிலை புல்லு முளைச்சு நான் காணேல்லை" என்றார். நான் வரைந்து வைத்திருந்த மாதிரிப் புள்ளிகளில் அந்த வேப்பமரம் இருக்கவில்லை. படத்தைத் திருத்தினேன். மிக மோசமான முடிவு அங்கிருந்துதான் வந்தது.

கேட்கும்போது பயமுறுத்தாதீர்கள். "இங்கை நஞ்சு இருக்கோ" என்று கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். "முந்தி கழுவுற தண்ணி எந்தப் பக்கம் ஓடினது? ஒயில் மாத்துறது எதிலை? மாரிக்கு வெள்ளம் எங்கை நிக்கும்? உங்கடை கிணத்துத் தண்ணி எப்பவாவது மணந்ததோ?" என்று கேளுங்கள். சொல்வார்கள்.

இரண்டாம் படி: கால் வைக்க முன்

இதைத் தாண்டிப் போகவே கூடாது. காணி முன்னாள் உயர் பாதுகாப்பு வலயத்திலோ, முன்னரங்கப் பகுதியிலோ, பங்கர் இருந்த இடத்திலோ இருந்தால், கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்டதற்கான பதிவைப் பார்க்காமல் அலவாங்கு போடாதீர்கள். மாவட்டச் செயலகத்திலும் பிரதேச செயலகத்திலும் விசாரியுங்கள். மேலே நடந்து திரியத் துப்புரவாக்கிய இடமா, தோண்டும் ஆழத்துக்கும் துப்புரவாக்கிய இடமா என்பதைத் தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியாலேயே திரும்பி வந்து பொலிஸுக்கு அறிவியுங்கள்.

அடுத்தது, பழைய அஸ்பெஸ்டஸ் கூரை. உடைந்த ஓட்டுத் தூளைக் கூட்டவோ அரைக்கவோ கூடாது. நனைத்து, முகமூடி போட்டுக் கையாளவேண்டும். மூடிய தாங்கிக்குள்ளும் பழைய கிணற்றுக்குள்ளும் ஒருவரும் இறங்கக்கூடாது. வாயுவால் மூச்சுத் திணறி இறந்தவரைத் தூக்க இறங்கியவரும் இறப்பது இப்படித்தான் நடக்கிறது.

மூன்றாம் படி: வளவைச் சுற்றி நடங்கள்

காலை வெயில் ஏற முன் நடப்பது நல்லது. மண் ஈரமாக இருக்கும்போது மணம் நன்றாகத் தெரியும். கையில் வரைபடம், ஒரு கம்பி, கைபேசி கமெரா போதும்.

தரையில் கறுத்த திட்டு, புல் முளைக்காத வட்டம், சீமெந்தில் அமிலம் தின்ற சொரசொரப்பு, நிலத்தில் இருந்து எழும் அறுந்த குழாய், இயந்திரம் நின்ற மேடை, கழுவு தண்ணீர்க் கான் முடியும் இடம் எல்லாவற்றையும் படமெடுத்து வரைபடத்தில் குறியுங்கள். தாங்கி புதைத்த இடத்தில் மண் சற்றே தாழ்ந்திருக்கும். மலகூடக் குழியையும் விடாதீர்கள். கராஜில் கழிவு ஒயிலை அதற்குள் ஊற்றுவது நடந்திருக்கிறது.

கிணறு இருந்தால் மேற்பரப்பைப் பாருங்கள். வானவில் நிறத்தில் படலம் மிதந்தால் உடனே ஒயில் என்று முடிவு கட்டவேண்டாம். ஒரு நீளக் குச்சியால் அதைக் கிழித்துப் பாருங்கள். கண்ணாடிச் சில்லுபோல உடைந்து, துண்டுகள் தனித்தனியாக நின்றால் அது இரும்பில் வாழும் பக்டீரியாவின் படலம். கிழித்த இடம் உடனே கூடி ஒன்றுசேர்ந்தால் எண்ணெய். மண்ணுக்கும் இப்படி ஒரு கைச் சோதனை இருக்கிறது: கண்ணாடிப் போத்தலில் கால்வாசி மண், அரைவாசி சுத்தத் தண்ணீர் போட்டு ஒரு நிமிடம் குலுக்கி வெயிலில் வையுங்கள். மேலே நிறப்படலம் ஏறினால் அந்தப் புள்ளி கட்டாயம் ஆய்வுகூடம் போகவேண்டும். ஏறாவிட்டால் சுத்தம் என்று பொருளில்லை. ஈயமும் ஆசனிக்கும் கண்ணுக்கும் மூக்குக்கும் அகப்படாது.

நான்காம் படி: எதைத் தேடுகிறோம் என்று எழுதுங்கள்

"எல்லாத்தையும் பாருங்கோ" என்று ஆய்வுகூடத்திடம் சொல்வது காசை நிலத்தில் கொட்டுவதற்குச் சமம். தொழிலைப் பார்த்துத்தான் பட்டியல் போடவேண்டும்.

கராஜ், ஜெனரேற்றர் கொட்டில் என்றால் டீசல், கழிவு ஒயில், அவற்றோடு ஈயம், கட்மியம், துத்தநாகம், பொலிசைக்கிளிக் அரோமற்றிக் ஐதரோகாபன் (கழிவு ஒயிலிலும் புகைக்கரியிலும் இருக்கும் நச்சுச் சேர்வைகள்). பெற்றோல் நிலையத்தில் பென்சீன், தொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002 வரை விற்பனையில் இருந்ததால் பழைய நிலையம் எதிலும் ஈயத்தையும் சேருங்கள். பற்றரி வேலை நடந்த இடத்தில் ஈயமும் மண்ணின் அமிலத்தன்மையும் முதலில் பார்க்கவேண்டியவை. மரத்துக்கு மருந்து ஏற்றிய ஆலையில் செம்பு, குரோமியம், ஆசனிக் மூன்றும் ஒன்றாகப் போகும். அச்சகத்தில் ஈய எழுத்துகளும் கரைப்பான்களும். நகைப் பட்டறை, முலாம் பூசும் இடம் என்றால் சயனைட்டும் உலோகங்களும். ஐஸ் ஆலையில் அமோனியா, உப்புக் கரைசல், கொம்பிறெசர் ஒயில். பூச்சிமருந்துக் களஞ்சியம் இருந்திருந்தால் டிடிரி போன்ற பழைய குளோரின் மருந்துகள் பல பத்தாண்டு கழிந்தும் மண்ணில் இருக்கும். மின்மாற்றி நின்ற இடத்து ஒயில் மண்ணைப் பிசிபி (பழைய மின்மாற்றி ஒயிலில் இருந்த நச்சு இரசாயனம்) பார்க்காமல் யாரும் கையால் அள்ளக்கூடாது.

இவற்றோடு தண்ணீரில் எப்போதும் பார்க்கவேண்டியவை காரகாடித்தன்மை (pH), மின்கடத்துதிறன் (கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது), குளோரைட்டு, நைத்திரேற்று. இவை தொழிற்சாலையைப் பிடிக்க மட்டுமல்ல, பின்னர் அறிக்கை வாசிக்கும்போது மற்ற எண்களை விளங்கிக்கொள்ளவும் வேண்டும்.

ஐந்தாம் படி: மண் மாதிரி

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். எட்டுப் பரப்பு, அதாவது அரை ஏக்கர், முன்னாள் கராஜ். ஒயில் மாற்றிய குழி, ஜெனரேற்றர் மேடை, பற்றரி வைத்த மூலை, டீசல் தாங்கி, கான் முடியும் இடம், பரல் அடுக்கிய வேலியோரம் என்று சந்தேகமான புள்ளி ஆறு. வளவில் தொழில் தொடாத ஒரு மூலையில் ஒப்பீட்டுக்கு ஒரு புள்ளி. ஏழு புள்ளியிலும் இரண்டு ஆழத்தில் எடுத்தால் பதினான்கு மாதிரி. அதோடு இரண்டு மாதிரியை இரட்டிப்பாக எடுத்து வேறு இலக்கம் போட்டு அனுப்புங்கள். எது எதன் இரட்டை என்று ஆய்வுகூடத்துக்குச் சொல்லவேண்டாம். இரண்டு முடிவும் கிட்ட வந்தால் மற்ற எண்களையும் நம்பலாம்.

எந்த இரண்டு ஆழம்? முதலாவது மேல் 15 சென்ரிமீற்றர். பிள்ளைகளின் கையிலும் தோட்டத்து மரக்கறியிலும் ஒட்டுவது அதுதான். இரண்டாவது ஆழத்தைப் பல அறிக்கைகளில் "ஒரு மீற்றர்" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்துக்கு அது பொருந்தாது. எங்கள் செம்பாட்டு மண் ஓர் இடத்தில் ஆளுயரம் இருக்கும், பத்தடி தள்ளி முழங்கால் ஆழத்தில் கல் தட்டும். மண்ணுக்குள்ளால் இறங்கும் ஒயில் கல்லில் முட்டி, கல்லின் பள்ளங்களில் தேங்கி, அங்கிருந்து வெடிப்பைத் தேடும். ஆகவே இரண்டாவது மாதிரி, கல் தட்டும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கும் மண்ணிலிருந்து வரவேண்டும். கைத் துளைப்பான் கல்லில் நின்றால் அந்த ஆழத்தைக் குறித்துவிட்டு அரை மீற்றர் தள்ளி இன்னொரு துளை போட்டுப் பாருங்கள். அங்கே கல் தாழ்ந்திருக்கலாம். வசதி இருந்தால் பெக்கோ பிடித்து ஒரு பரிசோதனைக் கிடங்கு வெட்டுவது எல்லாவற்றையும்விட நல்லது. கிடங்கின் பக்கச் சுவரில் சிவந்த மண்ணுக்கு நடுவே சாம்பல் பூத்த ஒரு பட்டை ஓடினால், ஒயில் எந்த ஆழத்தால் நகர்ந்தது என்று கண்ணாலேயே காணலாம். ஆனால் கிடங்குக்குள் இறங்கி எடுக்காதீர்கள். பெக்கோ வாளி கொண்டுவரும் மண்ணின் நடுவிலிருந்து, வாளி இரும்பில் படாத பகுதியை எடுங்கள்.

எடுக்கும் கரண்டி துருப்பிடிக்காத உருக்காக இருக்கட்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் புதுக் கையுறை. புள்ளிக்குப் புள்ளி கரண்டியைச் சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்து, குழாய்த் தண்ணீரால் அலசி, கடைசியில் காய்ச்சிவடித்த தண்ணீரால் கழுவுங்கள். சுத்தமான புள்ளியில் தொடங்கி மோசமான புள்ளியில் முடியுங்கள். பெற்றோல், கரைப்பான் போல ஆவியாகும் பொருள் பார்க்கும் மண்ணைக் கலக்கவோ, சல்லடை போடவோ, வெயிலில் பரவி வைக்கவோ கூடாது. வெட்டிய உடனே கண்ணாடிப் போத்தலில் இடைவெளி இல்லாமல் அடைத்து மூடுங்கள். பல புள்ளி மண்ணை ஒன்றாகப் பிசைந்து ஒரே மாதிரியாக அனுப்புவதும் செலவு குறைக்கும் ஆசையில் நடக்கிறது. ஆறில் ஐந்து இடம் சுத்தமாக இருந்தால் ஆறாவது இடத்து நஞ்சு சராசரிக்குள் ஒளிந்துகொள்ளும்.

ஆறாம் படி: நிலத்தடி நீர்

இந்த வழிகாட்டியில் நான் அதிகம் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். வளவுக் கிணறு ஒன்றை மட்டும் பரிசோதித்துவிட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள். கல் வெடிப்பு உங்கள் கிணற்றைத் தொடாமல் அயல் கிணற்றுக்குப் போகலாம். குறைந்தது வளவுக் கிணறு, தண்ணீர் வரும் பக்கம் ஒரு கிணறு, தண்ணீர் போகும் பக்கம் இரண்டு கிணறு என்று நான்கு கிணறு வேண்டும். அயலவரின் சம்மதத்தோடு, முடிவை அவர்களுக்கும் தருவதாக வாக்குக் கொடுத்து எடுங்கள்.

தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று எப்படித் தெரியும்? முக்கோணமாக அமையும் மூன்று கிணறுகளைத் தெரிவுசெய்து, நில அளவையாளரைக் கொண்டு மூன்றின் கட்டு உயரத்தையும் ஒரே மட்டத்துக்கு ஒப்பிட்டு அளவுங்கள். ஒரே நாளில், ஒருவரும் இறைக்க முன், விடியற்காலையில் கட்டிலிருந்து தண்ணீர் வரை நாடா விட்டு அளந்து, கட்டு உயரத்திலிருந்து கழியுங்கள். ஒன்றில் 1.42 மீற்றர், அடுத்ததில் 1.35, மற்றதில் 1.20 என்று வந்தால் தண்ணீர் முதலாவதின் பக்கமிருந்து மூன்றாவதின் பக்கம் சாய்கிறது. எங்கள் நிலம் தட்டை. சில சென்ரிமீற்றர் பிழைத்தாலும் திசை தலைகீழாகும். அதனால் கண்மட்டத்தை நம்பாதீர்கள். கடற்கரைக் கிராமமானால் வற்றுப்பெருக்கும் கிணற்றை ஏற்றி இறக்கும், நேரத்தையும் எழுதுங்கள். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்கும் மாதங்களில் திசையே மாறக்கூடும்.

ஆய்வுத் துளை போடுவதானால் ஆழத்தில் கவனம். எங்கள் நன்னீர் கடல்நீருக்கு மேலே வில்லைபோல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. ஆழத் துளைத்தால் உவரைத் திறந்துவிடுவீர்கள். டீசலும் பெற்றோலும் தண்ணீரின் மேலே மிதப்பவை. ஆகவே துளைக் குழாயின் சல்லடைப் பகுதி, கோடையில் தாழும் மட்டத்துக்கும் மாரியில் ஏறும் மட்டத்துக்கும் இரண்டுக்கும் குறுக்கே நிற்கவேண்டும். சல்லடை முழுவதும் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால் மேலே மிதப்பது உள்ளே வராது. குளோரின் சேர்ந்த கரைப்பான்கள் தண்ணீரைவிடக் கனமானவை. அடியில் பள்ளத்தைத் தேடிப் போகும். அவை சந்தேகமானால் அனுபவமுள்ள நிலத்தடி நீரியலாளர் ஒருவர் இல்லாமல் துளைக்காதீர்கள்.

மாதிரி எடுக்க முன் குழாயில் தேங்கிய பழைய தண்ணீரை அகற்றவேண்டும். 50 மில்லிமீற்றர் குழாயில் 3 மீற்றர் தண்ணீர் நின்றால் அது கிட்டத்தட்ட 6 லீற்றர். அதன் மூன்று மடங்கு, 18 லீற்றர், மெதுவாக எடுத்துவிட்டு, மின்கடத்துதிறனும் காரகாடித்தன்மையும் அசையாமல் நின்ற பிறகு போத்தலை நிரப்புங்கள். இந்த மூன்று மடங்குக் கணக்கைத் தோண்டிய கிணற்றுக்குப் போடாதீர்கள். 3 மீற்றர் விட்டமுள்ள கிணற்றில் 2 மீற்றர் தண்ணீர் என்றால் 14,000 லீற்றர். மூன்று மடங்கு இறைத்தால் உவர் ஏறும், ஒயிலும் புதிய வெடிப்புகளுக்குள் இழுபடும். அன்றாடம் பாவிக்கும் கிணற்றில் வழக்கமான இறைப்புக்குப் பிறகு எடுத்தால் போதும்.

போத்தல் நிரப்பும் முறையில்தான் அதிக பிழை நடக்கிறது.

எண்ணெய், கிறீஸ் பார்ப்பதற்கு ஒரு லீற்றர் கபிலக் கண்ணாடிப் போத்தல். வாளியில் அள்ளி ஊற்றினால் எண்ணெய் வாளியில் ஒட்டிக்கொள்ளும். போத்தலையே பாரம் கட்டி இறக்குங்கள். கிணற்றுத் தண்ணீரால் போத்தலை அலசாதீர்கள், அலசினால் எண்ணெய் சுவரில் ஒட்டி எண் பொய்யாகக் கூடும். மோட்டர் குழாயிலிருந்து பிடித்தால் அடித்தண்ணீர்தான் வரும், மேலே மிதப்பது கணக்கில் சேராது. மேற்பரப்பில் ஒன்று, நடு ஆழத்தில் ஒன்று என இரண்டு எடுங்கள்.

பென்சீன் போல ஆவியாகுபவைக்கு 40 மில்லிலீற்றர் சிறு குப்பி. தண்ணீரை விளிம்பில் ஒழுகவிட்டு, வாயில் குவிந்து நிற்கும்வரை நிரப்பி, மூடி, தலைகீழாகப் பிடித்து விரலால் தட்டுங்கள். கடுகளவு குமிழ் ஏறினாலும் திரும்ப எடுங்கள். இதில் எங்கள் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. இந்தக் குப்பிகளில் ஐதரோகுளோரிக் அமிலம் இட்டு அனுப்புவது வழக்கம். எங்கள் தண்ணீரில் சுண்ணாம்பு மிகுதி. அமிலம் பட்டதும் சோடாபோலக் குமிழி தள்ளி, தேடும் பொருளும் குமிழோடு போய்விடும். அப்படி நுரைத்தால் அமிலமில்லாத குப்பி கேளுங்கள். அப்போது 14 நாளுக்குப் பதில் 7 நாளுக்குள் பரிசோதனை முடியவேண்டும்.

உலோகத்துக்குப் பிளாஸ்ரிக் போத்தல், நைத்திரிக் அமிலம். துளைத் தண்ணீர் செம்மண்ணால் கலங்கியிருந்தால் மண் துணிக்கையின் உலோகமும் எண்ணில் சேரும், 0.45 மைக்கிரோன் வடியால் வடித்த ஒன்றும் வடிக்காத ஒன்றும் அனுப்புங்கள். குடிப்பவருக்குப் பொருந்துவது வடிக்காத எண்.

ஒரு தடவை எடுத்து முடிந்தது என்று நினைக்கவேண்டாம். ஆவணி, புரட்டாதியில் தண்ணீர் அடியில் நிற்கும்போது ஒன்று. கார்த்திகை மழை பெய்து மட்டம் ஏறிய பின் மார்கழியிலோ தையிலோ இன்னொன்று. கோடையில் மண்ணில் ஒட்டியிருந்த ஒயிலை மாரித் தண்ணீர் ஏறி வந்து தூக்கும். கோடை அறிக்கையைக் காட்டிக் காணியை விற்க அவசரப்படுபவரிடம் மாரி வரை பொறுங்கள் என்று சொல்லுங்கள்.

ஏழாம் படி: ஆய்வுகூடமும் பயணமும்

முதலில் ஆய்வுகூடத்தைத் தெரிவுசெய்துவிட்டுத்தான் மாதிரி எடுக்கவேண்டும். போத்தல், அமிலம், படிவம் அவர்கள் தருவார்கள். யாழ்ப்பாணத்தில் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடம் அடிப்படை நீர்ப் பரிசோதனை பற்றிக் கேட்கலாம். சேதன நஞ்சுகளுக்குக் கொழும்பில் கைத்தொழில் தொழினுட்ப நிறுவகம் போன்ற இடங்களை நாடவேண்டி வரும். கட்டணத்துக்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்தக் குறிப்பிட்ட சோதனைக்குத் தரச்சான்று அங்கீகாரம் இருக்கிறதா? நீங்கள் கண்டறியக்கூடிய மிகக் குறைந்த அளவு என்ன? இலங்கைக் குடிநீர்த் தரமான எஸ்எல்எஸ் 614 எண்ணெய், கிறீசுக்கு லீற்றருக்கு 0.2 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. ஒரு மில்லிகிராமுக்குக் கீழே அளக்க முடியாத கருவியிலிருந்து "கண்டறியப்படவில்லை" என்று வந்தால், அது எல்லையைவிட ஐந்து மடங்கு வரை எண்ணெய் இருந்தாலும் வரக்கூடிய பதில். தண்ணீர் உவர் என்பதையும் படிவத்தில் எழுதுங்கள். குளோரைட்டு மிகுந்த தண்ணீரில் ஆசனிக் அளவு சில கருவிகளில் பொய்யாக ஏறும், தெரிந்தால் அவர்கள் திருத்துவார்கள்.

பின்னேரம் எடுத்த மாதிரிகளை றெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு, 4 பாகை அளவில் குளிராக, இரவு பஸ்ஸிலோ ரயிலிலோ ஒருவர் கையோடு கொண்டுபோனால் காலையில் கொழும்பு. பார்சலாக ஏற்றிவிடாதீர்கள். வெள்ளிக்கிழமையும் போயாவுக்கு முதல்நாளும் எடுக்கவேண்டாம். பூட்டிய வாசலில் பெட்டி சூடாகும். எடுத்ததிலிருந்து பரிசோதிக்க, ஆறு வலுவளவுக் குரோமியத்துக்கு (குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவம்) 24 மணி, நைத்திரேற்றுக்கு 48 மணி என்ற எல்லைகள் இருக்கின்றன. உலோகம் ஆறு மாதம் தாங்கும். காய்ச்சிவடித்த தண்ணீர் நிரப்பிய ஒரு குப்பியைப் பெட்டியோடு போகவிட்டு அதையும் பரிசோதியுங்கள். அதில் பென்சீன் வந்தால் பஸ்ஸில் ஏறியது, கிணற்றில் இருந்ததல்ல.

ஒவ்வொரு போத்தலிலும் இலக்கம், இடம், ஆழம், திகதி, நேரம், எடுத்தவர். யார் கையிலிருந்து யார் கைக்கு எத்தனை மணிக்குப் போனது என்ற தாளில் ஒவ்வொருவரும் கையெழுத்திடவேண்டும். நாளைக்கு வழக்கு வந்தால் அந்தத் தாள் இல்லாத அறிக்கையை எதிர்த்தரப்புச் சட்டத்தரணி ஒரு கேள்வியில் விழுத்திவிடுவார்.

எட்டாம் படி: அறிக்கையை வாசித்தல்

தண்ணீருக்கு எஸ்எல்எஸ் 614 இருக்கிறது. லீற்றருக்கு ஈயம் 0.01 மில்லிகிராம், ஆசனிக் 0.01, கட்மியம் 0.003, குரோமியம் 0.05, நைத்திரேற்று 50. பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு 0.01 மில்லிகிராம். மண்ணுக்கு நெதர்லாந்து, அமெரிக்க அளவுகளோடு ஒப்பிடுவது வழக்கம். நெதர்லாந்தில் கிலோவுக்கு ஈயம் 530 மில்லிகிராம், கனிய எண்ணெய் 5,000 மில்லிகிராம் தாண்டினால் தலையிடவேண்டும் என்பார்கள். அது வீட்டுமுற்றத்துக்கு மிகத் தாராளமான எண். பிள்ளைகள் விளையாடும் மண்ணில் ஈயத்துக்கான அளவை அமெரிக்கா 2024இல் 400 இலிருந்து 200 ஆகக் குறைத்தது. வீடு கட்டப்போகிறவர் அந்த 200ஐத்தான் பார்க்கவேண்டும் என்பது என் நிலைப்பாடு.

எண்ணைத் தனியாகப் பார்க்காமல் ஒப்பீட்டுப் புள்ளியோடு வைத்துப் பாருங்கள். நைத்திரேற்று 50ஐத் தாண்டினால் கராஜ்காரரைக் குற்றம் சொல்லவேண்டாம். தோட்டத்துப் பசளையும் மலகூடக் குழியும் வலிகாமத்துக் கிணறுகளில் பல காலமாகச் செய்வது அது. குளோரைட்டும் கடத்துதிறனும் சேர்ந்து ஏறினால் கடல் உட்புகுதல், அல்லது ஐஸ் ஆலையின் உப்பு. பக்கத்துக் கிணறுகளில் இல்லாமல் உங்கள் கிணற்றில் மட்டும் என்றால் பெரும்பாலும் இரண்டாவது. சுண்ணாம்பு மண் ஈயத்தை இறுக்கிப் பிடிக்கும். மண்ணில் ஈயம் கூடவும் தண்ணீரில் இல்லாமலும் வருவது இயல்பு, அங்கே பயம் கிணற்றைவிடப் புழுதியில். ஆறு வலுவளவுக் குரோமியத்துக்கு அந்தப் பிடி இல்லை, தண்ணீரோடு ஓடும்.

எல்லை மீறிய எண் வந்தால் முதலில் தெரியவேண்டியவர் அந்தத் தண்ணீரைக் குடிப்பவர். அன்றைக்கே அயலவருக்குச் சொல்லுங்கள். கொதிக்கவைத்தால் சரி என்று யாராவது சொன்னால் மறுத்துச் சொல்லுங்கள்: கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வற்றி உலோகம் செறியும், பென்சீன் ஆவியாகிக் குசினிக்குள் நிற்கும். குளோரின் போடுவதும் இதற்கு மருந்தாகாது. பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, மத்திய சுற்றாடல் அதிகார சபை ஆகியோருக்கு அறிக்கைப் பிரதியோடு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்ட முத்திரை வாங்கி வையுங்கள். விலை பேசி முற்பணம் கொடுக்க முன் இரண்டு பருவ அறிக்கையும் திருப்தியாக வரவேண்டும் என்ற நிபந்தனையைச் சட்டத்தரணி மூலம் உடன்படிக்கையில் எழுதுங்கள். கெட்ட மண்ணை அள்ளி யாரோ ஒருவரின் பள்ளக் காணிக்கு நிரப்பக் கொடுக்காதீர்கள். அந்தக் கிணற்றிலும் ஒரு குடும்பம் தண்ணீர் அள்ளுகிறது.

கடைசி வேலை துளைகளை மூடுவது. நீங்கள் போட்ட ஆய்வுத் துளையைத் திறந்து விட்டால், மாரி வெள்ளமும் மேல்மண் ஒயிலும் நேரே கல்லுக்குள் இறங்க அதுவே புதிய வழியாகும். தொடர்ந்து கண்காணிக்கும் துளைக்கு பூட்டுடன் மூடி போட்டு, சுற்றிச் சீமெந்துக் கட்டு கட்டி, வெள்ள மட்டத்துக்கு மேல் உயர்த்துங்கள். தேவையில்லாததை அடியிலிருந்து மேல்வரை பெந்தோனைற்றுக் களியும் சீமெந்துக் கூழும் விட்டு அடையுங்கள். மூடிய துளை ஒவ்வொன்றையும் நில அளவைப் படத்தில் குறித்து, உறுதியோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். அடுத்து அந்தக் காணியை வாங்குபவரும் பழைய படத்தைத்தான் முதலில் தேடுவார்.